சிப்பாங்கின் பதினைந்தாவது வளைவுக்கு எந்த பிரேக் பேட்?

என் டொயோட்டா 86 காரை முதல்முறை மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தில் இறக்கிய நாளில் முன்சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் போட்டிருந்தேன். நல்ல பேட்தான். பேட் அமுக்கிப் பிடிக்கும் டிஸ்க்கிலும் குறை இல்லை. பிரேக் ஆயில் மட்டும் மூன்று வருடப் பழசு. ஆறாவது சுற்றில், பின்பக்க நேர்பாதையின் முடிவில், பதினைந்தாவது வளைவுக்காகக் காலை வைத்தபோது பெடல் பஞ்சில் அமுங்குவதுபோல் உள்ளே போனது. காலைத் தூக்கி மறுபடி அமுக்கினேன், கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது அமுக்கலில் வேகம் குறைந்தது, ஆனால் அதற்குள் வளைவு போய்விட்டது. தடத்துக்கு வெளியே அகலமாக விட்டிருக்கும் இடத்தில் கார் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பெடல் உள்ளே போன உணர்வு ஒரு வாரம் என் காலிலேயே இருந்தது.

துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு என் தொழில். கன்டெய்னரைத் தூக்கிப் பிடித்திருக்கும் பிரேக்குக்கு லைனிங் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் யாரும் “எந்த பிராண்டு நல்லது?” என்று ஆரம்பிப்பதில்லை. எவ்வளவு எடை, எவ்வளவு வேகம், மணிக்கு எத்தனை முறை, எவ்வளவு சூடு என்றுதான் ஆரம்பிப்போம். சொந்தக் காருக்கு மட்டும் கடை அலமாரியில் இருந்து ஆரம்பித்துவிட்டேன். நான் இங்கே சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்: பேட்டையும் டிஸ்க்கையும் வாங்கும் முன்னால், உங்கள் கார், உங்கள் டயர், உங்கள் காலோடு அந்தத் தடத்தில் டிஸ்க் எவ்வளவு சூடாகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. சிப்பாங் ஒரு சுற்று 5.543 கி.மீ., 15 வளைவுகள். பின்பக்க நேர்பாதையும் பார்வையாளர் மேடைக்கு முன்னால் ஓடும் நேர்பாதையும் கிட்டத்தட்ட அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றின் முடிவில் பதினைந்தாவது வளைவு, மற்றதன் முடிவில் முதல் வளைவு. இரண்டுமே கார் திரும்பி வந்த பக்கமே போவதுபோன்ற கூர்மையான வளைவுகள். ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,300 கிலோ உள்ள கார் மணிக்கு 190 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். அந்த ஒரு அமுக்கலில் ஏறத்தாழ 15.6 லட்சம் ஜூல் ஆற்றல் சூடாக மாற வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீரை, நம் ஊர் வெயிலில் இருக்கும் 30 டிகிரியிலிருந்து, கொதிக்க வைக்கும் அளவு சூடு அது. அதை நான்கு விநாடியில் செய்கிறோம். அதில் 70 சதவீதம் முன்பக்க டிஸ்க் இரண்டுக்கும் போகிறது. ஒரு டிஸ்க் 7 கிலோ என்று எடுத்துக்கொண்டால், அந்த ஒரே அமுக்கலில் அதன் சூடு 150 டிகிரிக்கு மேல் ஏறும். நேர்பாதையில் காற்று பட்டு ஆறும், அடுத்த வளைவில் மறுபடி ஏறும். ஆறுவதைவிட ஏறுவது அதிகமாக இருந்தால், மூன்றாவது நான்காவது சுற்றில் டிஸ்க் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

அதை அளக்க வழி இருக்கிறது. சூட்டைக் காட்டும் பெயின்ட் என்று பந்தயக் கடைகளில் சின்னச் சின்ன பாட்டிலாக விற்பார்கள். மூன்று நிறம். பச்சை 430 டிகிரி செல்சியஸில் வெளுக்கும், ஆரஞ்சு 560-இல் மஞ்சளாகும், சிவப்பு 610-இல் வெளுக்கும். டிஸ்க்கின் வெளி விளிம்பை, அதாவது பேட் தொடாத அந்த ஓரத்தை, நன்றாகத் துடைத்து மூன்று நிறத்திலும் ஒவ்வொரு கோடு இழுத்துக் காயவிடுங்கள். பின்பக்க டிஸ்க்கிலும் இழுங்கள். பிறகு வழக்கம்போல் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். தடத்தோரம் கார் நிறுத்தும் பிட்டுக்கு வந்து லேசர் வெப்பமானியை நீட்டிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அது காட்டுவது, பிரேக்கை ஆறவிடும் கடைசிச் சுற்றை முடித்து வந்து நின்ற பிறகு மிச்சமிருக்கும் சூடு. பதினைந்தாவது வளைவில் இருந்த உச்சத்தை அது காட்டாது. பெயின்ட் ஒருமுறை மாறினால் திரும்பாது, அதனால் உச்சம் பதிவாகிவிடும்.

என் காரில் முன்பக்கம் பச்சை முழுதாக வெளுத்திருந்தது, ஆரஞ்சு மஞ்சளாகியிருந்தது, சிவப்பு அப்படியே இருந்தது. ஆக 560-க்கும் 610-க்கும் நடுவில். பின்பக்கம் பச்சைகூட மாறவில்லை. இந்த இரண்டு வரி கையில் கிடைத்த பிறகு பேட் தேர்வு பாதி முடிந்துவிட்டது.

சாலைக்கான பேட்டுகள் பெரும்பாலும் 350, 400 டிகிரியைத் தாண்டும்போதே பிடி விடத் தொடங்கும். பேட்டின் தூளை ஒட்டவைத்திருக்கும் பிசின் சூட்டில் கருகி வாயுவாகி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் படலம்போல் நிற்கும். பெடல் கல்போல் இருக்கும், கார் நிற்காது. தினசரி ஓட்டத்துக்கு அந்த பேட்டுகள் அருமையானவை, சத்தம் இல்லை, தூசி குறைவு. தடத்தில் அவற்றோடு நான்கு நல்ல சுற்றுக்கு மேல் ஓட்டாதீர்கள்.

அடுத்த வகை, சாலையிலும் தடத்திலும் ஓடும் பேட். ஃபெரோடோ டிஎஸ்2500 இதற்குப் பலரும் சொல்லும் உதாரணம். சராசரி உராய்வெண் (பேட் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பதன் அளவு) 0.42, தயாரிப்பாளர் சொல்லும் வெப்ப எல்லை 500 டிகிரி வரை. காலை ஆறு மணிக்குக் கிள்ளானில் ஈரச் சாலையில் முதல் சிக்னலிலேயே பிடிக்கும். சாலை டயரோடு, ஐந்தாறு சுற்று ஓட்டி வெளியே வரும் ஆளுக்கு அதுவே போதும். ஆனால் என் பெயின்ட் 560-ஐத் தாண்டியிருக்கிறது. அளக்காமல் இருந்திருந்தால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன், நண்பர்கள் எல்லோரும் சொன்னதும் அதைத்தான். அளந்ததால் ஒரு படி மேலே, எண்ட்லெஸ் எம்எக்ஸ்72-க்குப் போனேன். அதற்கு 700 டிகிரி வரை எல்லை கொடுத்திருக்கிறார்கள், குளிரிலும் ஓரளவு பிடிக்கிறது. தூசி அதிகம். மெதுவாக நிறுத்தும்போது கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்கு என் மனைவி இன்னும் பழகவில்லை.

அதற்கும் மேலே முழுப் பந்தய பேட்டுகள். பாகிட் ஆர்எஸ்எல்29 போன்றவை நீண்ட தூரப் பந்தயங்களில் பேர் வாங்கியவை. ஆனால் பந்தய பேட் வகையில் பலவற்றுக்கு முதலில் சூடு ஏற வேண்டும். சூடேறாமல் அமுக்கினால் காலில் பலம் வேண்டியிருக்கும், டிஸ்க்கையும் சுரண்டும். சிப்பாங்கில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து மழை கொட்டுவது சாதாரணம். ஈரத் தடத்தில் டயர் பிடியே குறைவு, பலமாக பிரேக் போட முடியாது, அதனால் டிஸ்க் சூடே ஏறாது. காலையில் அற்புதமாக இருந்த பந்தய பேட் மாலை மழையில் மரக்கட்டையாக இருக்கும். தடத்துக்கு ஓட்டிப்போய் அதே காரில் வீடு திரும்புகிறவர் என்றால் இந்த வகை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டிரெய்லரில் கொண்டுபோகிறவர்களுக்கு வேறு கணக்கு.

உராய்வெண் அதிகமாக இருந்தால் கார் சீக்கிரம் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். காரை நிறுத்துவது டயர். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பேட் ஏற்கெனவே பிடிக்கிறது என்றால், அதைவிடப் பலமான பேட் நிறுத்தும் தூரத்தைக் குறைக்காது. காலுக்குக் கொஞ்சம் எளிதாகும், அவ்வளவுதான். சாலை டயரில் மிகப் பலமான பேட்டைப் போட்டால் அளந்து அமுக்குவதும் கஷ்டம், தொட்டவுடன் ஏபிஎஸ் துடிக்கும். மாறாக, அரைப்பந்தய டயருக்கு மாறினீர்கள் என்றால், வேகமும் பிடியும் கூடி டிஸ்க் சூடும் கூடும். அன்றைக்குப் பெயின்ட்டை மறுபடி இழுத்துப் பாருங்கள். பழைய அளவு இனி செல்லாது.

முன்பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா என்று என் அக்கா மகன் கேட்டான். அவனும் ஒரு 86 வாங்கியிருக்கிறான். “மாமா, பின்னால சூடே ஏறலையே, அப்புறம் எதுக்குச் செலவு?” கேள்வி நியாயமானதுதான். ஆனால் முன்பக்கத்தை மட்டும் பலமாக்கினால் பின்பக்க பிரேக் தன் பங்கைச் செய்யாமல் போகும், மொத்தச் சூடும் முன்னாலேயே விழும். பின்பக்கத்தை முன்னைவிடப் பலமாக்கினால் இன்னும் மோசம், பதினான்காவது வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்கும்போது வால் சுற்றும். அதனால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகை, அல்லது பின்பக்கம் அதே குடும்பத்தில் பிடி ஒரு படி குறைந்தது. இன்னொன்று: கார் சறுக்காமல் நிலைப்படுத்தும் மின்னணு அமைப்பு முழுதாக இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் பெடலைத் தொடாதபோதும் அது தானாகத் தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் போடும். சிலருக்குப் பின்பக்க பேட் முன்பக்கத்தைவிடச் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் இதுதான். தேய்மானத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

டிஸ்க்குக்கு வருவோம். கடைக்குப் போனால் கண்ணைப் பறிப்பது ஓட்டை போட்ட டிஸ்க். தடத்துக்கு அதை வாங்காதீர்கள். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, வெடிப்பு முதலில் அந்த ஓட்டைகளின் விளிம்பில்தான் தொடங்கும். ஓட்டையோடு கவனமாகச் செய்யப்பட்டு விலை உயர்ந்த கார்களில் வருபவை இருக்கின்றன, அவற்றிலும் வெடிப்பு வரத்தான் செய்கிறது. மேல்பரப்பில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய டிஸ்க் நல்லது. பேட்டின் முகத்தை ஒவ்வொரு சுழற்சியிலும் சுத்தம் செய்யும், வாயுவும் தூசியும் வெளியேறும், பேட் கொஞ்சம் வேகமாகத் தேயும். ஒன்றும் இல்லாத வெறும் டிஸ்க்கும் நல்லதுதான், விலையும் குறைவு. நான் இன்றைக்கும் வெறும் டிஸ்க்கில்தான் ஓட்டுகிறேன். தடத்தில் டிஸ்க் தேய்ந்து தூக்கிப்போடும் பொருள். வருடத்துக்கு ஒரு ஜோடி மாற்றுவதற்கு மனம் இடம் கொடுக்கும் விலையில் இருப்பதே எனக்குப் பெரிய தகுதி.

பள்ளத்தைவிட முக்கியமானது உள்ளே இருக்கிறது. காற்றோட்ட டிஸ்க்கின் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் இருக்கும் தடுப்புகளைப் பாருங்கள். நேராக இருந்தால் எந்தப் பக்கமும் மாட்டலாம். வளைந்திருந்தால் இடது வலது தனித்தனி. சுழலும்போது காற்றை நடுவிலிருந்து வாங்கி வெளியே வீச வேண்டும், அதனால் தடுப்புகள் சுழலும் திசைக்கு எதிராகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் குளிர்ச்சி குறையும். மேலே இருக்கும் பள்ளத்தின் சாய்வைப் பார்த்துத் திசையை முடிவு செய்பவர்களை நான் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். அது தவறு, உள்தடுப்பைப் பாருங்கள். உலோகம் என்று பார்த்தால் கார்பன் அதிகம் கலந்த வார்ப்பிரும்பு தடத்துக்கு நல்லது, சூட்டை வேகமாகப் பரப்பும், வெடிப்பும் தாமதமாகும்.

என் காரில் முன்பக்கம் 294 மி.மீ. விட்டம், 24 மி.மீ. தடிமன். 22 மி.மீ. ஆனால் மாற்றிவிட வேண்டும். இந்த குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், துருவைத் துடைத்துப் பாருங்கள். மைக்ரோமீட்டரால் நான்கைந்து இடத்தில் அளவெடுங்கள். தேய்ந்த டிஸ்க்கில் இரும்பு குறைவு, அதே சூடு குறைந்த எடையில் ஏறும், ஆகவே உச்ச வெப்பமும் கூடும். தடத்துக்குப் போகிறவர் கடைசி மில்லிமீட்டர் வரை மிச்சம் பிடிக்கக் கூடாது. பேட்டிலும் அப்படித்தான். புதிய பேட்டில் 10 மி.மீ. உராய்வுப் பொருள் இருந்தால், 5 வந்ததும் நான் அதைத் தடத்துக்குக் கொண்டுபோவதில்லை. மெலிந்த பேட் சூட்டை நேராக, பேட்டை அமுக்கும் பிஸ்டனுக்கும் அதன் பின்னால் இருக்கும் ஆயிலுக்கும் கடத்தும்.

வெடிப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சில நாள் ஓட்டியதும் டிஸ்க் முகத்தில் தலைமுடிபோல் மெல்லிய கோடுகள் வரும். பயப்பட வேண்டாம், அது சூட்டின் அடையாளம். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் ஓட்டலாம். நகம் மாட்டினால் அன்றைக்கே மாற்றுங்கள். கோடு வெளி விளிம்பையோ உள் விளிம்பையோ தொட்டுவிட்டால் நகம் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் அந்த டிஸ்க்கோடு தடத்துக்குள் போகாதீர்கள், வீட்டுக்கும் மெதுவாக ஓட்டுங்கள்.

பெரிய விட்டம், நான்கு பிஸ்டன் காலிப்பர் (பேட்டைப் பிடித்து டிஸ்க்கில் அமுக்கும் பகுதி) என்று முழு செட் மாற்றுவதை நான் கடைசியில் வைத்திருக்கிறேன். அது தவறான செலவு என்று சொல்லவில்லை. டிஸ்க் பெரிதானால் இரும்பு கூடும், சூடு குறையும். ஆனால் அதற்கு முன் முன்பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு ஒரு காற்றுக் குழாய் இழுத்துப் பாருங்கள். காற்று டிஸ்க்கின் ஒரு முகத்தில் மட்டும் அடிக்கக் கூடாது, நடுவில் போய்த் தடுப்புகள் வழியாக வெளியேற வேண்டும். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பிக் குழாய் டயரில் உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் குழாய் போட்ட பிறகு அடுத்த முறை ஆரஞ்சுக் கோடு பாதிதான் மாறியிருந்தது. பெரிய செட் வாங்கும் எண்ணத்தை அன்றைக்கே தள்ளிவைத்தேன்.

இனி ஆயில். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான், என்னை வெளியே தள்ளியதும் இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும். காலிப்பருக்குள் 155 டிகிரி என்பது சிப்பாங்கில் ஒன்றுமே இல்லை. கொதித்தால் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் உள்ளே போகும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக இருக்கும்போது 312 டிகிரி வரை தாங்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் ஈரம் ஏறிய பிறகும் 270 அளவில் நிற்கும், விலை அதிகம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போகிறவருக்கு முதலாவதே போதும், ஒவ்வொரு முறையும் போகும் முன் புதிதாக ஊற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை எடுத்துவிட்டால். டாட் 5 என்று எழுதிய சிலிக்கான் ஆயிலை மட்டும் தொடாதீர்கள், அது இவற்றோடு சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும்.

தடத்தில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் காலில் வரும் உணர்வைப் பிரித்துப் பாருங்கள். பெடல் கடினமாக இருந்து கார் நிற்கவில்லை என்றால் பேட்டின் எல்லை தாண்டிவிட்டது. பெடல் நீண்டு பஞ்சுபோல் போனால் ஆயில் கொதித்துவிட்டது. ஓரக் கல்லில் ஏறி இறங்கிய பிறகு மட்டும் முதல் அமுக்கல் நீளமாகி, அடுத்தது சரியாக இருந்தால், அதிர்வில் டிஸ்க் பேட்டைப் பின்னால் தள்ளியிருக்கிறது, சக்கர பேரிங்கைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது வளைவு இல்லை, பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும்.

அந்தத் திட்டு வராமல் இருக்கத்தான் புது பேட்டைப் பழக்க வேண்டும். வண்டி இல்லாத பாதுகாப்பான சாலையிலோ தடத்தின் முதல் சுற்றுகளிலோ, 100-லிருந்து 30 வரை எட்டுப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலம் கூட்டி, ஏபிஎஸ் துடிக்காமல், முழுதாக நிறுத்தாமல் அமுக்குங்கள். லேசாகக் கருகல் வாடை வரும். பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் தயாரிப்பாளர் தனி முறை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். பேட் வகை மாற்றினால் டிஸ்க்கையும் மாற்றுவது உத்தமம், இல்லையென்றால் பழைய படிவத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஓட்டி முடித்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஓட்டுங்கள். பேடாக்கில் (பிட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடம்) நிறுத்தியதும் கைபிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பெடலில் காலையும் வைத்திருக்க வேண்டாம். இரண்டு நிமிடம் கழித்துக் காரை அரை அடி தள்ளி நிறுத்தினால் ஒரே இடத்தில் பேட் ஒட்டாது.

வீட்டுக்கு வந்ததும், டிஸ்க் ஆறிய பிறகு, சக்கரத்தைக் கழுவிவிடுங்கள். தடத்து பேட்டின் தூசியில் இரும்பு இருக்கிறது, ஒரு இரவு மழையில் நனைந்தால் காலையில் சக்கரம் முழுக்கப் பழுப்புப் புள்ளி, அப்புறம் லேசில் போகாது. என் அக்கா மகன் போன மாதம் கழுவாமல் தூங்கிவிட்டு இரண்டு ஞாயிறு தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் காரிலும் பெயின்ட் இழுத்தாயிற்று. முன்பக்கம் பச்சை மட்டும் வெளுத்திருக்கிறது, ஆரஞ்சு மாறவில்லை. உச்சம் 500-ஐத் தாண்டியதா என்று இந்தப் பெயின்ட் சொல்லாது, ஆனாலும் இப்போதைக்கு அவனுக்கு டிஎஸ்2500 போதும் என்று நினைக்கிறேன். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன், ஆயிலை இந்தச் சனிக்கிழமை மாற்றுகிறோம்.